பன்னீர்க் கொடிக்கு எப்போது தாகம்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுப்பு உண்டு. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்துப் பழம் லாரி ஏறிக்கொண்டிருக்கும். அதனால் சித்திரை வெயிலிலும் யாரோ ஒருவர் பந்தலில் பிஞ்சு தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பெயர் நிலைக்க வேண்டுமானால், அந்தப் பிஞ்சை வெம்பவிடாமல் காப்பாற்றியாக வேண்டும்.

வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் கொடி தன் இலைத்துளைகளை மூடத் தொடங்கும். அப்போது உச்சி வேளையில் மோட்டாரைப் போட்டு வாய்க்கால் நிறையப் பாய்ச்சினாலும், அன்றைய வெயிலுக்கு அது பெரிதாக உதவாது. மேல்மண்ணிலிருந்தே கணிசமான தண்ணீர் ஆவியாகிவிடும். விடிவதற்குள் வேர்ப்பகுதி நனைந்திருக்க வேண்டும்.

கொடிக்குத் தாகம் எடுத்திருப்பதைப் பற்றுக்கம்பி சொல்லிவிடும். தளிர் நுனிக்கு மேலே விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுருள்தான் முதலில் தொங்கும். மதியம் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கிடந்தால் களைக்கொத்தை எடுத்து ஒரு முழ ஆழம் தோண்டிப் பாருங்கள். அங்கே எடுக்கும் மண் கையில் பிடித்தால் உருளாமல் உதிர்கிறதா? அன்றைக்கே தண்ணீர் கட்டியாக வேண்டும்.

பிஞ்சு பிடித்த முதல் சில வாரங்களில் காய்ந்தால் காய் சிறுத்துவிடும். பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் அது முழுதாகத் தேறாது. நிறம் ஏறும் பருவத்தில் ஆபத்து வேறு மாதிரி வரும். பல நாள் காயப்போட்டுவிட்டு, ஒரே நாளில் வெள்ளமாக விட்டால் பழம் வெடிக்கும். வெயில் காலத்தில் நான் அதிகம் அஞ்சுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். பட்டினிபோட்டுவிட்டு விருந்து வைக்கக் கூடாது.

சொட்டுநீரில் இந்தச் சீர்மை கைகூடும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் கொடிக்கு இரண்டு இருந்தால், நான்கு மணி நேரத்தில் 32 லிட்டர் நேராக வேருக்குப் போகும். ஆனால் கோடையில் போர்வெல் தண்ணீரில் உப்பு கூடினால் சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். மோட்டார் ஓடுகிறதே என்று நம்பி வீட்டில் இருக்காமல், வரிசை வரிசையாக நடந்து பார்ப்பதுதான் நல்லது. கொடியடியில் தென்னை ஓலையோ கரும்புத் தோகையோ கனமாக மூடாக்குப் போட்டால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும். கொத்துக்கு மேலே நிழல் தரும் இலைகளைக் கோடை முடியும்வரை கிள்ளாதீர்கள்.

முல்லைப் பெரியாறு பாயும் பூமியிலும் கோடைத் தண்ணீருக்குக் கிணறும் போர்வெல்லும்தான் கதி என்று பல தோட்டங்கள் இருக்கின்றன. சொட்டுநீர் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருகிறது. பங்குனியில் குழாய் ஓட வேண்டுமானால், சிட்டா, அடங்கலோடு மார்கழியிலேயே தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள்.