காசு சேர்க்கிறீங்களா? முதல்ல ஒரு புத்தகம் பிடிங்க!



நம்ம பள்ளியில் பழைய காசு சேர்ப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஜாமெட்ரி பாக்ஸைக் குலுக்கினாலே தெரியும்! ஆனால், "இது எந்த ஊர்ல அடிச்சது? என்ன உலோகம்?" என்று கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "பழசுடா, லட்ச ரூபாய்க்குப் போகும்!"

போகாது நண்பர்களே. வைஷ்ணோ தேவி படம் போட்ட, 2012 என்று பொறித்த 5 ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்கள் என்று ஒரு புரளி ஊர் முழுக்கச் சுற்றியது. இந்த ஆசையைக் காட்டி, "உங்க காசை வாங்கிக்கறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க" என்று பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே மக்களை எச்சரித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. இப்படி ஏமாறாமல் இருக்க ஒரு வழி, காசைப் பற்றிச் சரியான தகவல் தரும் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. இதைக் கேட்டலாக் என்பார்கள். நல்ல கேட்டலாக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெரிய பெரிய வெள்ளிக் காசுகளைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நாம் சேர்ப்பது சில்லறை. 1 பைசா, 2 பைசா, 3 பைசா, நாலணா, எட்டணா. சில்லறைதானே என்று பல புத்தகங்கள் ரெண்டு வரியில் முடித்துவிடுகின்றன. உண்மையில் குழப்பம் அதிகம் இருப்பது சில்லறையில்தான்!

10 பைசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 ஏப்ரல் 1-ந் தேதி, ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா என்று வந்தது. அப்போது 10 பைசா செம்பும் நிக்கலும் கலந்த கலவையில் செய்யப்பட்டது. 1968-ல் நிக்கல் பித்தளை, மஞ்சளாக இருக்கும். 1971-ல் அலுமினியம், ஊதினால் பறக்கும்! 1988-ல் துருப்பிடிக்காத எஃகு, அதாவது எவர்சில்வர். ஒரே 10 பைசா, நாலு உலோகம்! கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் 10 பைசா பக்கத்தைத் திறங்கள். இந்த நாலும் தனித்தனியாக, வருஷத்தோடு இருக்கிறதா? இல்லையென்றால் கீழே வைத்துவிடலாம்.

நாலணாவும் இப்படித்தான். 1957-ல் வந்த 25 பைசா சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். 1972 முதல் வந்தது செம்பு நிக்கல் கலவை, ஒட்டாது. 1988-ல் வந்த காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் காசு மறுபடியும் ஒட்டும். உலோகம், எடை, விட்டம் மூன்றையும் போட்டிருக்கும் புத்தகம் இருந்தால், ஒரு காந்தமும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே சரிபார்க்கலாம். (இயற்பியல் லேபில் காந்தம் கேட்டால் கிடைக்கும். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!)

அடுத்தது நாணயச்சாலைக் குறி. காசில் வருஷத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஹைதராபாத் மட்டும் பழைய காசுகளில் பிளந்த டைமண்ட், நடுவில் புள்ளி வைத்த டைமண்ட் என்று வேறு குறிகளும் போட்டிருக்கிறது. தேய்ந்த காசில் இதைக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலித்துவிடும். அதனால் குறிகளைப் பெரிதாக்கிப் படம் போட்ட புத்தகம்தான் நமக்கு வேண்டும். ஒரே வருஷத்தில் மூன்று ஊரில் அடித்த காசு என்றால் மூன்று வரி இருக்க வேண்டும். "1957–1963" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்தப் புத்தகம் சேகரிப்புக்கு உதவாது.

உலகம் முழுக்கச் சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த புத்தகம், அமெரிக்காவின் கிராஸ், மிஷ்லர் இருவரும் உருவாக்கிய 'ஸ்டாண்டர்ட் கேட்டலாக் ஆஃப் வேர்ல்ட் காயின்ஸ்'. முதல் பதிப்பு 1972. டெலிபோன் டைரக்டரி மாதிரி தடியாக இருக்கும். நூற்றாண்டுவாரியாகத் தனித்தனிப் புத்தகங்கள் உண்டு. பைசா சேர்ப்பவர்களுக்கு 1901–2000 புத்தகம் ஒன்றே போதும். ஒவ்வொரு காசுக்கும் கே.எம். எண் என்று ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டாம், எல்லாம் அட்டவணைதான். வருஷத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி, சி, எச் என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்தைக் குறிக்கும். அந்த எழுத்தைக் காசில் தேடாதீர்கள், அங்கே குறிதான் இருக்கும்.

புதுப் பதிப்புதான் வேண்டுமா? தேவையே இல்லை என்பது என் கருத்து. 1965-ல் அடித்த காசின் எடை மாறப் போகிறதா? மாறுவது விலை மட்டும்தான். அந்த விலையும் டாலரில், காசின் தரத்துக்கேற்ப நாலைந்து கட்டமாகப் போட்டிருக்கும். கடைசிக் கட்டம் யார் கையும் படாத புத்தம் புதுக் காசுக்கு. நம்முடையது முதல் கட்டத்துக்கு வந்தாலே பெரிய விஷயம். (புளி போட்டுத் தேய்த்தவர்கள் அதையும் மறந்துவிடுங்கள்!) அதோடு, அது கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலையும் அல்ல. ஆகவே பழைய புத்தகக் கடையில் பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் பெரிய நூலகங்களின் குறிப்புதவிப் பகுதியில் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டு நாணய வியாபாரிகள் போடும் ஒல்லிப் புத்தகங்களும் உண்டு. கலர் படம் பார்க்க அழகு, பையில் வைக்கவும் வசதி. ஆனால் விற்கிறவரே விலையும் போடுகிறார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பேச்சுவழக்கால் ஒரு சிக்கல் வரும். தாத்தா பாட்டி "காலணா" என்று சொல்லும் காசை ஆங்கிலப் புத்தகத்தில் எங்கே தேடுவது? 1942 வரை அது 'குவார்ட்டர் அணா'. 1943-ல் வந்த ஓட்டைக் காலணாவோ 'ஒன் பைஸ்' என்ற தலைப்பில் இருக்கும். இரண்டும் ஒரே மதிப்பு, ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. உலகப் போர் நேரத்தில் செம்பை மிச்சப்படுத்தத்தான் நடுவில் ஓட்டை. தம்பிடி என்பது '1/12 அணா'. நாலணா என்று நாம் இன்றும் சொல்வது, 1957-க்கு முந்தையது என்றால் 'கால் ரூபாய்' பக்கத்திலும், பிந்தையது என்றால் '25 பைசா' பக்கத்திலும் இருக்கும். (25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.)

ஆற்று மணலில் கிடைக்கும் பழங்காலச் செப்புக்காசு வைத்திருப்பவர்கள் இந்த எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம். அதற்கு 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய சங்ககால நாணய நூல் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். அது தனிக் கடல்.

கடைசியாக ஒரு சோதனை. 1964-ல் நேரு நினைவாக 50 பைசா வெளியானது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அவர் பெயர் ஆங்கிலத்தில், இன்னொன்றில் இந்தியில். இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் புத்தகம் என்றால் நம்பி வாங்கலாம். உங்கள் டப்பாவில் இந்தி எழுத்து நேரு இருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் எனக்கும் ஒருமுறை காட்டுங்கள்!