துளையில்லாக் குழாயில் புகும் காற்று

புனே நகரின் ஏரவாடாவில் வாழும் தமிழன்பர்கள் ஆற்றைக் கடந்து மேற்கே சென்றால், பாஷாண் பகுதியில் 1950-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைக் காணலாம். மெல்லிய படலங்களின் வழியே வாயுக்களை ஊடுருவச் செய்து பிரிக்கும் ஆராய்ச்சி அங்கு நடைபெற்றுள்ளது. ஆங்கு நன்மை பயக்கும் அவ்வியல்பே, தூய வாயுவைக் கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் குழாயில் தீங்காகிறது.

உள்ளே நைட்ரஜன் மிகுந்த அழுத்தத்துடன் ஓடும்போது வெளிக்காற்று எங்ஙனம் புகும் என்று நேயர்கள் வினவலாம். ஊடுருவலில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கிற்குரிய அழுத்தத்தையே பின்பற்றும். வெளிக்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். உள்ளே அது இல்லையென்றே கூறலாம். ஆகவே அது பிளாஸ்டிக்கில் கரைந்து, அதன் சுவரைக் கடந்து, உள்ளே வெளிப்படுகிறது.

இதனை அளப்பது எவ்வாறு? நைட்ரஜனைச் சீராக ஓடவிட்டு, குழாயின் கடைமுனையில் ஆக்ஸிஜனை அளந்து, உருளையிலேயே இருந்த அளவைக் கழிக்கிறோம். பின்னர் ஓட்டத்தை மாற்றாமல் நீளத்தை இரட்டிப்பாக்குகிறோம். புகுந்த ஆக்ஸிஜனும் இரட்டித்தால் குற்றம் சுவரில், மாறாதிருப்பின் இணைப்பில்.

99.999 சதவீதத் தூய்மையில், பத்து லட்சத்தில் 10 பங்கு அளவே வேற்றுப்பொருளுக்கு இடமுண்டு. அத்தகைய வாயுவுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயே ஏற்றது. சுவரின் குற்றத்திற்காக, இணைப்பை முறுக்கிய தொழிலாளியைக் கடிந்துகொள்வது நீதியாகாது.