98.5 விழுக்காடு மறைத்த தாமதம்

பாடப் பதிவு தொடங்கும் நாளில் பல்கலைக்கழக இணையத்தளங்கள் திணறுவதை மாணவர்கள் பலர் அறிவர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பாடப் பட்டியலைத் தேடும்போது, ஒவ்வொரு தேடலும் தரவுத்தளத்துக்கே போனால் தாமதம் ஏற்படத்தான் செய்யும். இந்தச் சுமையைக் குறைப்பதற்கே ‘கேஷ்’ நினைவகம் பயன்படுகிறது.

கேஷ் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் போன்றது. கடுகும் சீரகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஒவ்வொரு தாளிப்புக்கும் மளிகைக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

ஜாவா மொழியில் எழுதப்படும் தரவுத்தளச் செயலிகளில் பரவலாகப் பயன்படும் ‘ஹைபர்நேட்’, இதற்குக் கணக்கு வைக்கும். தேடிய தரவு கேஷில் எத்தனை முறை கிடைத்தது, எத்தனை முறை கிடைக்கவில்லை, எத்தனை முறை புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பதை அது எண்ணித் தரும். இயல்பு நிலையில் இவ்வசதி இயங்காது. ‘ஜெனரேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும்.

எண்கள் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். காலை முதல் நண்பகல் வரை 100,000 தேடல்கள். அவற்றில் 99,000 கேஷிலேயே கிடைத்தன. இது 99 விழுக்காடு. அடுத்த பத்து நிமிடங்களில் வந்த 1,000 தேடல்களில் 500 மட்டுமே கிடைத்தன. பாதிப் பேர் காத்திருக்கிறார்கள். ஆனால், மொத்தக் கணக்கோ இன்னமும் 98.5 விழுக்காடு என்றே காட்டும்!

இந்த எண்கள், கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. பழைய நல்ல எண்கள் புதிய சிக்கலை மூடிவிடுகின்றன. ஆகவே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்களைக் குறித்துவைத்து, இரண்டு பதிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

காரணத்தைக் கண்டறிய இன்னோர் எண்ணும் உதவும். ‘கேஃபைன்’ போன்ற ஜாவா நிரல் நூலகங்கள், கேஷிலிருந்து எத்தனை தரவுகள் வெளியேற்றப்பட்டன என்பதையும் சொல்லும். கிடைக்காத தேடல்களும் வெளியேற்றமும் சேர்ந்தே கூடினால், கேஷின் அளவு போதாமல் இருக்கலாம் அல்லது தரவை வைத்திருக்கும் நேரம் குறைவாக இருக்கலாம். வெளியேற்றம் குறைவாக இருந்தும் தரவு கிடைக்கவில்லை என்றால், செயலி இப்போதுதான் தொடங்கியிருக்கலாம். அல்லது ஒவ்வொருவரும் வெவ்வேறு தரவைத் தேடலாம். அப்போது கேஷைப் பெரிதாக்குவதால் பயனில்லை.

ஜாவாவில் திட்டப்பணி செய்யும் மாணவர்கள், கேஷின் அளவை மாற்றுவதற்கு முன் அரை மணி நேரம் இந்த எண்களைக் குறித்துப் பாருங்கள். எதை மாற்றுவது என்பது அதன் பிறகு தெளிவாகும்.