கண்ணாடி நகரம் கட்டினார், கடனாளி ஆனார்!

நெட்டையான ஆள். கணுக்கால் தெரியும்படி கட்டைக் கால்சட்டை. வாயில் சுங்கான். கையில் குடை. முன்பக்கம் சாய்ந்தபடி, துள்ளித் துள்ளி நடப்பார். வாய் திறந்து பேசுவதே அபூர்வம்!

இந்த ஆளின் பெயர் உலோ. 1953-ம் ஆண்டில் ஒரு படத்தில் வந்தார். கடற்கரை ஓட்டலில் விடுமுறையைக் கழிக்கப் போய், அங்கே எல்லாவற்றையும் தலைகீழாக ஆக்கிவிடுவார். பிரான்சு தேசமே சிரித்தது.

உலோவாக நடித்தவர்தான் படத்தின் டைரக்டர். அவர் பெயர் ஜாக் டாட்டி. சினிமாவுக்கு வரும் முன்பு, விளையாட்டு வீரர்களைப் போல அபிநயம் பிடித்து மேடையில் சிரிக்க வைத்தவர்.

மீன் துப்பும் தண்ணீர்

அடுத்து வந்த படம் "என் மாமா" (1958). அதில் ஒரு பணக்கார வீட்டு அம்மாள். தோட்டத்தில் மீன் வடிவத்தில் நீரூற்று வைத்திருக்கிறாள். வாசலில் மணி அடித்தால், ஓடிப்போய் அதைத் திறந்து விடுவாள். வந்தவர் பெரிய மனிதர் என்றால் மீன் தண்ணீர் துப்பும். வந்தது சொந்தத் தம்பிதான் என்று தெரிந்தால், உடனே நிறுத்திவிடுவாள்! (இப்படிப்பட்ட அம்மாள் எந்த ஊரில்தான் இல்லை?)

அந்தப் படத்துக்கு அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அங்கே போன டாட்டி, பெரிய நட்சத்திரங்களைத் தேடவில்லை. ஊமைப்பட காலத்துச் சிரிப்பு நடிகர்களான பஸ்டர் கீட்டனையும், ஸ்டான் லாரலையும் பார்த்துவிட்டு வந்தார்.

சினிமாவுக்காக ஒரு நகரம்

பணமும் புகழும் சேர்ந்தன. ஆசையும் பெரிதாயிற்று.

"பிளே டைம்" என்ற படத்துக்காக, பாரீசின் ஓரத்தில் ஒரு நகரத்தையே கட்டினார். தார் ரோடு, கண்ணாடிக் கட்டிடங்கள், சொந்த மின்சார நிலையம்! புயல் அடித்து அதில் ஒரு பகுதி நாசமாயிற்று. படப்பிடிப்பு 1964-ல் தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்தது. கடன் வாங்கினார். சொந்த வீடும் கடனில் சிக்கியது.

1967-ல் படம் வெளிவந்தது. ரசிகர்கள் உலோவைத் தேடினார்கள். அவரோ கூட்டத்தில் ஒருவராக அங்கும் இங்கும் தெரிந்தார். "உலோ மட்டுமல்ல, எல்லோருமே வேடிக்கையான ஆட்கள்தான்" என்று காட்ட நினைத்தார் டாட்டி. ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. படம் படுத்துவிட்டது.

வீடு போயிற்று. நகரம் இடிக்கப்பட்டது. அவர் எடுத்த பழைய படங்களின் உரிமையும் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. பழையபடி உலோவை மட்டுமே நம்பிப் படம் எடுத்திருந்தால் கோடீசுவரராக இருந்திருப்பார். அவர் மனம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1982-ல் டாட்டி இறந்தார். எழுதி வைத்திருந்த கடைசிக் கதை படமாகவே இல்லை.

இப்போது நிலைமை வேறு. 2022-ம் ஆண்டு இங்கிலாந்தின் சினிமா பத்திரிகை ஒன்று, உலகின் சிறந்த படங்கள் எவை என்று விமர்சகர்களைக் கேட்டது. தோற்றுப்போன அந்த "பிளே டைம்" படத்துக்கு 23-வது இடம் கிடைத்தது!

1953-ல் படம் எடுத்த அதே கடற்கரையில் உலோவுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. இடுப்பில் கை வைத்து, முன்பக்கம் சாய்ந்து, கடலில் குளிப்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.