சொந்தப் பெயரில் பாடியது யார்?

சொந்தப் பெயரில் பேசுகிறவன்தான் உண்மை பேசுகிறான் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஜோஷ் டில்மன் என்ற அமெரிக்கப் பாடகர் அதைக் கெடுத்துவிட்டார்.

1981இல் கடுமையான சுவிசேஷக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சியாட்டிலுக்கு வந்து ‘ஜே. டில்மன்’ என்ற பெயரில், கிதாரும் துயரமுமாக, 2010 வரை ஏழெட்டு ஆல்பங்கள் போட்டார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். 2008இல் ‘ஃப்ளீட் ஃபாக்ஸஸ்’ குழுவில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். குழுவுக்குப் பெரும்புகழ், இவருக்கு மேடையின் பின்வரிசை. 2012இல் விலகினார். அதே ஆண்டு ‘ஃபியர் ஃபன்’ ஆல்பம் வந்தது. பாடியவர் பெயர் ‘ஃபாதர் ஜான் மிஸ்டி’.

பாதிரியார் பட்டம், மேடையில் இடுப்பாட்டம், யாரையும் விடாத கிண்டல். கிறுக்கு என்றார்கள். சரி, அதற்கு முன்னால் பாடிய சோக டில்மன் மட்டும் யாராம்? ‘நேர்மையான தனிப் பாடகன்’ என்பதும் ஏற்கெனவே தைத்து வைத்த சட்டைதானே. சட்டை என்று தெரியாதபடி போட்டிருந்தார், அவ்வளவுதான். பொய்ப்பெயர் செய்த வேலை, வேடத்தை வேடமாகவே காட்டியது. தன்னிலை என்பது முன்பே இருப்பதல்ல, சொல்லிச் சொல்லி உருவாவது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2015இல் வந்த ‘ஐ லவ் யூ, ஹனிபேர்’ ஆல்பத்தில் ‘போர்ட் இன் தி யூ.எஸ்.ஏ.’ என்று ஒரு பாட்டு. வசதியான ஓர் அமெரிக்கன் தன் வாழ்க்கையின் அலுப்பைப் புலம்புகிறான். நடுவில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் வருகிற பதிவுசெய்த சிரிப்பொலி. அவனைப் பார்த்துச் சிரிக்க நாம் வாயெடுப்பதற்குள் இயந்திரம் சிரித்துவிடுகிறது. நம் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோகிறது. பிரதிக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்லக் கேட்பவனுக்கு இடமில்லை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தன்னைத் தானே முதலில் கிண்டல் செய்துகொள்கிறவனை யாரும் அடிக்க முடியாது, கிண்டல் கவசமாகிவிடும். சில பாட்டுகளில் அப்படி ஆகியும் இருக்கிறது.

ஆனால் 2018இல் ‘காட்ஸ் ஃபேவரிட் கஸ்டமர்’ வந்தது. அதில் ‘மிஸ்டர் டில்மன்’ என்ற பாட்டு: ஓட்டல் வரவேற்பாளர் ஒருவர், நிலைகுலைந்துபோன விருந்தினரிடம் மரியாதை குறையாமல் பேசுகிறார். அந்த விருந்தினரின் பெயர்தான் தலைப்பு. புனைபெயர் பாடுகிறது, சொந்தப் பெயர் வாடகை அறையில் தங்கியிருக்கிறது. டில்மனின் பாட்டுகளில் என்னை மிகவும் கலங்கடித்தது இதுதான். ‘நான்’ என்று பாடிய எந்தப் பாட்டிலும் இவ்வளவு பக்கத்தில் அவர் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.