வரத்துக்கால் எங்கே போனது? கண்மாய்க்கு மேப் போடக் கற்றுத்தரும் கட்டற்ற மென்பொருள்

மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் நின்று, 'இதற்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?' என்று கேட்டுப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவராக இருந்தால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். மேலக் கண்மாய் மறுகால் பாய்ந்து, பனந்தோப்புக்குத் தெற்கே இறங்கி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வரும் என்று வழி முழுக்கச் சொல்வார். அதே கேள்வியை அவருடைய பேரனிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாலம் இருக்கும், அதற்கு இந்தப் பக்கம் வாய்க்கால் இருக்காது.

அந்த வாய்க்கால் காகிதத்தில் இன்னமும் இருக்கிறது. கிராம வரைபடத்தில் கோடாக இருக்கிறது. அ-பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. ஆக, பெரியவரின் நினைவு ஓரிடத்தில், அரசுப் பதிவு ஓரிடத்தில், இன்று தரையில் இருக்கும் நிலைமை வேறோர் இடத்தில். இந்த மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவந்து சேர்த்தால் வரத்துக்கால் எந்த இடத்தில் அறுந்தது என்பது தெரிந்துவிடும். அதற்கு இன்று காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. கியூ.ஜி.ஐ.எஸ், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

தண்ணீருக்கு வழி தெரியும்

வைகைச் சமவெளியில் கண்மாய்கள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அது கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஆற்றிலோ பெரிய கண்மாயிலோ சேரும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் இரண்டு கேடு வரும். கீழ்க் கண்மாய் மழைக்காலத்திலும் காய்ந்து கிடக்கும். அதற்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் யார் வயலிலோ வீட்டிலோ ஏறும். 2024 அக்டோபரில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் நடந்தது இதுதான். கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி, தண்ணீர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. வண்டியூர், மாடக்குளம், செல்லூர் எல்லாம் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த கண்மாய்கள். இன்று நகரம் அவற்றைச் சுற்றி வளைத்துவிட்டது. ஒத்தக்கடை, திருமங்கலம், மேலூர்ச் சாலைகளில் மனைப்பிரிவுகள் போகிற வேகத்தைப் பார்த்தால், நாளை இதே நிலைமை எந்த ஊருக்கு என்பதுதான் கேள்வி.

கண்மாய்ப் பாசன விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சங்கங்களாகத் திரட்டி வரும் தானம் அறக்கட்டளையின் தலைமையிடமும் மதுரைதான். கிராமத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தரையில் கோலமாவால் ஊரையும் கண்மாயையும் வாய்க்காலையும் வரையச் சொல்லும் முறை, பல தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. அருமையான முறைதான். ஒரே குறை, மறுநாள் அந்தக் கோலம் அழிந்துவிடும். பேப்பரில் எடுத்து வைத்தாலும் அளவு இருக்காது. தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினால், 'எந்த சர்வே எண்?' என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். மென்பொருள் அந்தக் கோலத்துக்கு அளவும் எண்ணும் சேர்க்கிறது.

நாட்டு விதை மாதிரி

கியூ.ஜி.ஐ.எஸ் என்பது மேப் வரையவும் அளக்கவும் உதவும் மென்பொருள். 2002-ல் அமெரிக்காவின் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி வைத்தது; இன்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக வரைபடம். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்த் தெருவை, ஊருணியை அதில் சேர்க்கலாம், திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்கு விளக்க நாட்டு விதையைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் கொடுத்த விதையை விதைக்கலாம், பெருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம், நம் மண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்து மாற்றலாம். யாரும் தடுக்க முடியாது. இதே வேலையைச் செய்யும் கம்பெனி மென்பொருள்கள் ஆண்டுச் சந்தா கேட்பவை. பணம் நின்றால் வேலையும் நிற்கும். கியூ.ஜி.ஐ.எஸ் ஒரு ஜி.பி.க்கு மேல் வரும் பெரிய கோப்பு. இன்டர்நெட் இழுக்காத ஊரில், ஒருவர் இறக்கிய கோப்பை பென் டிரைவில் பத்துப் பேர் வாங்கிக்கொள்ளலாம். இது திருட்டுப் பிரதி ஆகாது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஒரு வெள்ள வரைபடம் உருவாக்கினார்கள். தங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று மக்களே அதில் தொட்டுக் குறித்தார்கள். எந்த ரோட்டில் போகலாம், எதில் போகக் கூடாது என்பது அதில் தெரிந்தது. 2010-ல் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம் வந்தபோதும், உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தபடியே அந்த நாட்டுத் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். இவர்களில் பலர் இதைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். கூட்டங்களில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கற்றவர்கள்.

தனியாகக் கற்றால் பாதியில் நிற்கும்

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று தோன்றும். கற்கலாம். ஆனால் இந்த மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் படுகிற பட்டன்களின் எண்ணிக்கையைப் பார்த்தே பலர் மூடிவிடுவார்கள். எதைத் தொட வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். அதற்குத்தான் பயிலரங்கு. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள்களைச் சொல்லிக் கொடுத்து வருகிறது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. கணியம் இணைய இதழில் தமிழிலேயே கட்டுரைகள் கிடைக்கின்றன. மதுரைக்காரர்களுக்குப் பக்கத்தில், காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியல் படிப்பே இருக்கிறது. பஞ்சாயத்தோ விவசாயிகள் சங்கமோ கேட்டால், படிக்கிற பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக் கொடுப்பதில் தயக்கம் இருக்காது. அவர்களுக்கும் செய்முறைக்கு ஓர் உண்மையான ஊர் கிடைக்கிறதே.

கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் போதும். லேப்டாப் வைத்திருக்கும் ஒரு மாணவியோ மாணவனோ, ஆண்ட்ராய்டு செல்போன் உள்ள இரண்டு பேர், மடையைத் திறந்து மூடிய அனுபவமுள்ள நீர்பாய்ச்சி ஒருவர், காட்டுக்கும் மேட்டுக்கும் ஆடு மேய்க்கப் போகிற ஒருவர். கடைசி இரண்டு பேரும் கண்டிப்பாக வேண்டும். லேப்டாப்பை வாடகைக்குக்கூட எடுக்கலாம். அவர்களுக்குத் தெரிந்தது வேறு எங்கும் கிடைக்காது.

முதல் நாள் வேலை, ஊர் வரைபடத்தை பூமியில் உட்காரவைப்பது. நில அளவைத் துறையில் வாங்கிய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றுவார்கள். அது வெறும் படம். எந்த ஊர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரோட்டு முக்கு, கோயில், மூன்று கிராம எல்லை சேரும் இடத்துக் கல் என்று இன்றும் மாறாமல் நிற்கும் நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கு நேரில் போய் செல்போன் ஜி.பி.எஸ்ஸில் எடுத்த எண்களைக் கொடுத்தால், படம் நகர்ந்து தன் இடத்தில் போய் உட்காரும். கீழே செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தால், காகிதத்தில் வாய்க்கால் ஓடும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பயிலரங்கில் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வருவது இந்த இடத்தில்தான்.

இதில் மதுரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் கணக்கில் அளப்பதற்காக பூமியை 6 டிகிரிக்கு ஒரு பட்டையாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். 43-ம் பட்டை முடிந்து 44 தொடங்கும் 78 டிகிரிக் கோடு, திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவில் போகிறது. மதுரை 44, உசிலம்பட்டி 43. உசிலம்பட்டியில் எடுத்த எண்ணுக்கு 44 என்று கொடுத்துவிட்டால், கண்மாய் வங்காள விரிகுடாவில் போய் மிதக்கும். மதுரை எண்ணுக்கு 43 கொடுத்தால் லட்சத்தீவுப் பக்கம் போய்விடும். முதல் முறை இது நடந்தால் பயப்பட வேண்டாம், பட்டை எண்ணைத் திருத்தினால் கண்மாய் ஊருக்குத் திரும்பிவிடும்.

இரண்டாம் நாள் நடை. கியூ ஃபீல்டு என்ற இலவச செயலியை செல்போனில் போட்டுக்கொண்டால், லேப்டாப்பில் தயாரித்த படத்தையே கையில் எடுத்துப் போகலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மடை, கலுங்கு, கிணறு எல்லாம் புள்ளி. வரத்துக்காலும் மறுகாலும் கோடு. நீர் பரவும் இடமும் ஆயக்கட்டும் பரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். பெரிய மடை, சின்ன மடை என்ற பெயர்களோடு, எந்த மடை எந்த ஆண்டிலிருந்து அடைத்துக் கிடக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். நீர்பாய்ச்சி முன்னால் நடக்க, செல்போன் பின்னால் போக வேண்டும். மாற்றிச் செய்தால் செயற்கைக்கோள் படத்தில் தெரிவது மட்டும்தான் மேப்பில் வரும். சீமைக்கருவேலத்துக்குள் மறைந்து கிடப்பது விட்டுப்போகும்.

பட்டா ஆகாது

இந்த மேப்பை வைத்து என் வரப்பை நானே அளந்துகொள்ளலாமா என்பது உடனே வரும் கேள்வி. முடியாது. செல்போன் ஜி.பி.எஸ் திறந்த வெளியில்கூட மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை விலகும். மரத்தடியில் இன்னும் கூடும். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு ஆறேகால் மீட்டர் சதுரம். கருவியின் பிழையே கிட்டத்தட்ட ஒரு சென்ட் அகலம் இருக்கும்போது, வரப்புத் தகராறுக்கு இது உதவாது. சண்டையைத்தான் வளர்க்கும். எல்லை அளப்பது அரசு சர்வேயரின் வேலை.

ஆனால் ஒரு கிலோமீட்டர் நீள வாய்க்காலில் 300 மீட்டர் காணவில்லை என்று சொல்ல இந்தத் துல்லியம் தாராளம். மனு கொடுக்கும்போது 'ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்' என்று மொட்டையாக எழுதுவதை விட, எந்த சர்வே எண்ணில் தொடங்கி எந்த எண் வரை வாய்க்கால் இல்லை என்பதைப் படத்தோடு எழுதினால் மனுவுக்குக் கனம் வரும். அ-பதிவேடும் புலப்படமும் அரசின் இ-சேவை இணையதளத்தில் கிடைக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். கண்மாயை அளந்து எல்லை குறிக்க அதில் இடம் இருக்கிறது.

ஒரு ஜாக்கிரதை. மடை, கலுங்கு, ஊருணி, வாய்க்கால் இவற்றை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பொதுவில் ஏற்றலாம், ஏற்றுவது நல்லது. ஆனால் யார் பெயரில் பட்டா, யார் ஆக்கிரமித்தார் என்பதை அதில் எழுதக் கூடாது. அது சங்கத்தின் லேப்டாப்பில் உள்ள கியூ.ஜி.ஐ.எஸ் கோப்பில் மட்டும் இருக்கட்டும். கூகுள் மேப்பையோ அரசின் புலப்படத்தையோ பார்த்து நகல் எடுத்து ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரையவும் அனுமதி இல்லை. நடந்து போய் எடுத்ததைப் போடலாம்.

லேப்டாப்புக்கு 8 ஜி.பி. ரேம் இருந்தால் வசதி, 4 ஜி.பி.யில் மெதுவாக ஓடும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் வேலை செய்யும். நடப்பதற்கு ஆனி, ஆடி மாதங்கள் தோது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும். உள்ளே இறங்கி நடக்கலாம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் அதே செல்போனோடு இன்னொரு நடை போக வேண்டும். தண்ணீர் எங்கே நின்றது, எங்கே திரும்பியது என்பதை அன்றைக்குக் குறித்தால்தான் உண்டு. இரண்டு நாள் விட்டால் ஈரம் காய்ந்துவிடும்.