ஒரு வரி மட்டும் ஊர் சுற்றினால்

2018 ஜனவரி 7. மார்கழி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியும் முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிற நாட்கள். பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ‘தமிழை ஆண்டாள்’ என்று ஒரு கட்டுரை வாசித்தார். மறுநாள் தினமணியில் அது அச்சானது. கட்டுரையின் பெரும்பகுதி ஆண்டாளின் தமிழைக் கொண்டாடுவது. நடுவே, ஆண்டாளின் வாழ்க்கை குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஒரு மேற்கோள். அந்த ஒரு வரிதான் தொலைக்காட்சிக்குப் போனது, வாட்ஸ்அப்பில் சுற்றியது, தெருவுக்கும் வந்தது.

அதன்பின் நடந்தது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வைரமுத்து வருத்தம் தெரிவித்தார், நாளிதழும் வருத்தம் தெரிவித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாயின. உயர் நீதிமன்றம் அவற்றின் மீதான நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

தெரியாமல் போனது வேறு. மேற்கோள் வந்த நூலை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் வெளியிட்டதாக வைரமுத்துவின் கட்டுரை சொன்னது. உண்மையில் அதை 1978-இல் வெளியிட்டது சிம்லாவில் உள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம். மேற்கோளுக்குரிய கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வெளுத்தாட் என்ற கேரள வரலாற்றாசிரியர்கள். அச்சுக்குப் போகும் முன் யாராவது நூலின் முதல் பக்கத்தைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். விவாத மேடைகளில் கத்தியவர்களும் பார்த்திருக்கலாம். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ‘ஆண்டாள் தமிழுக்குச் சொந்தமா, இந்துக்களுக்குச் சொந்தமா’ என்று ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமும் ஆள் உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிக்கிறவருக்கு இந்தக் கேள்வியே விளங்காது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஊடகச் சார்பு என்றால் பொய்ச் செய்தி என்றே பலரும் நினைக்கிறோம். பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், யாரைப் பேச அழைத்தார்கள், தலைப்பில் எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்பதில்தான் சார்பு உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கட்சிக்கொரு சேனல் உண்டு; கலைஞர் டிவி யார் பக்கம் பேசும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் பெரிய ஆபத்தில்லை என்பது என் கருத்து. நடுநிலை என்ற பெயர்ப்பலகையோடு வருவதைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இன்னொரு சம்பவம் நூற்பாலை ஊரான ராஜபாளையத்துக்கு இன்னும் நெருக்கம். 2023 மார்ச்சில், ஹோலிப் பண்டிகையை ஒட்டி, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார்: ஒன்று திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்பாக அடித்துக்கொண்டது. படம் உண்மை, பின்னணிக் குரல் பொய். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. வதந்தியைப் பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். அதற்குள் தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறிவிட்டார்கள். ‘தமிழன்’, ‘வடக்கன்’ என்ற இரண்டு சொற்கள் அந்த ஒரு வாரத்தில் எத்தனை கனத்துப் போயின!

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தில் பத்திரிகைக்கென்று தனிச் சுதந்திரம் கிடையாது. 19(1)(அ) பிரிவில் உங்களுக்கும் எனக்கும் உள்ள கருத்துரிமைதான் பத்திரிகைக்கும். பொறுப்பும் அப்படியே. ‘நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்று தப்பிக்க முடியாது. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர் அப்படித்தான் சொன்னார். வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2023-இல் மறுத்தது, 2024-இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மதம், மொழி, சாதி, ஊர் அடிப்படையில் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு. வதந்தி பரப்பினால் 353. இரண்டிலும் மூன்றாண்டு வரை சிறை.

பத்திரிகைச் செய்தி உங்களையோ உங்கள் சமூகத்தையோ திரித்துக் காட்டினால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். போன் பேசி விட்டுவிட வேண்டாம், பதிவுத் தபால் அல்லது மின்னஞ்சல். எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த வாக்கியம், அது ஏன் தவறு, அதற்கு என்ன ஆதாரம். ‘உங்கள் பத்திரிகை எப்போதுமே இப்படித்தான்’ என்று தொடங்கும் கடிதம் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஆசிரியர், வெளியிடுபவர் பெயர்கள் இதழிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உரிமையாளர் யார் என்பதையும் அந்தச் சிறு எழுத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பதில் இல்லையா, புதுடெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்களுக்கு நான்கு மாதத்துக்குள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. செய்தியின் நறுக்கு, ஆசிரியருக்கு எழுதியதன் நகல், அதே விஷயம் நீதிமன்றத்தில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். தமிழ்ச் செய்திக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். நம் ஊர்க்காரர் பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவரைப் பிடித்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை. கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. பல் குறைவுதான், ஆனால் ஒரு பத்திரிகைக்கு அந்தக் கண்டனம் உறுத்தும்.

தொலைக்காட்சி இந்தக் கவுன்சிலின் வரம்பில் வராது. நிகழ்ச்சி ஒளிபரப்பான ஏழு நாட்களுக்குள் சேனலுக்குப் புகார் அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால், என்பிடிஎஸ்ஏ எனப்படும் செய்தி ஒளிபரப்பாளர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பை அணுகலாம். உறுப்பினராக உள்ள சேனல்களைத்தான் அது விசாரிக்கும். 2023-இல் அபராத வரம்பு ஒரு லட்ச ரூபாயாக இருந்தது. இது போதுமா என்று உச்ச நீதிமன்றமே அந்த ஆண்டு கேட்டது. சமூக ஊடகப் பதிவு என்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். பதிவு நீக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் கேபிள் சேனல்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தேர்தல் நேரத்திலும் திருவிழாத் தகராறுகளிலும் ராஜபாளையத்துத் தெருவில் முதலில் பேசுவது அவைதான். கேபிள் டிவி சட்டத்தின்படி அவற்றைக் கவனிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு உண்டு. நம் இரண்டு ஊருக்கும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகம். ஒளிபரப்பைப் பதிவுசெய்து, நாள், நேரம் குறித்து, மனுவோடு கொடுக்க வேண்டும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.